டிரேஸ் கெட்டால் முதலில் பஃபரைப் பாருங்கள்: இடிஆர் டிரைவர் கோடை அறிகுறி பிடித்து அலசுவது

டிரேஸைப் (ப்ராசசர் ஓடிய பாதையின் பதிவு) படித்துச் சொல்லும் டிகோடர் கத்தத் தொடங்கினால் நாம் எல்லோரும் முதலில் டிகோடரைத்தான் திட்டுகிறோம். அடுத்த திட்டு ஹார்டுவேருக்கு. இரண்டுக்கும் நடுவில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் டிரைவரின் பஃபர் கோடு மேல் சந்தேகம் வருவதற்குள் இரண்டு நாள் ஓடியிருக்கும். எனக்கு ஒருமுறை மூன்று நாள் ஓடியது. கடைசியில் பார்த்தால், பேட்சில், அதாவது ரிவ்யூவுக்கு வந்த கோடு திருத்தத்தில், மெமரியில் இருப்பதை சிபியு பார்க்கவைக்கும் கேஷ் சிங்க் வரி, மிச்ச டேட்டாவை மெமரிக்குத் தள்ளும் ஃப்ளஷ் வரிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த பேட்சை ரிவ்யூ செய்து சரி என்று சொன்னவன் நான்தான்.

இங்கே எடுத்துக்கொள்வது ஆர்ம் ப்ராசசர்களின் டிரேஸ் ஹார்டுவேரான கோர்சைட்டுக்கு லினக்ஸ் கர்னலில் உள்ள டிரைவர்களில் ஒன்று: டிரேஸைச் சேர்த்து வைக்கும் டிஎம்சி என்ற சாதனம் இடிஆர் வடிவில் இருக்கும்போது அதன் பஃபரைக் கையாளும் கோடு. ப்ராசசர் எந்தக் கிளையில் திரும்பியது, எங்கே தாவியது என்பதை இடிஎம் என்ற சாதனம் பாக்கெட்டாக்கி அனுப்பும். இடிஆர் அதை வாங்கி நேராக மெயின் மெமரியில் எழுதும். எழுதும்போது சிபியு அந்தப் பக்கமே வராது. அதாவது எழுதுவது ஒருவர், படிப்பது இன்னொருவர், நடுவில் கேஷ். தகராறு அங்கேதான்.

பேட்சைத் திறந்ததும் ஒரு தாளில் நான்கு எண்களை எழுதிக்கொள்வேன்: பஃபரின் தொடக்க முகவரி, அளவு, படிக்கும் பாயிண்டரான ஆர்ஆர்பி, எழுதும் பாயிண்டரான ஆர்டபிள்யூபி. பக்கத்தில், பஃபர் நிரம்பியதைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் ஃபுல் பிட். கீழே ஒரு வரிசை: ஃப்ளஷ், நிறுத்தம், பாயிண்டர் வாசிப்பு, கேஷ் சிங்க், காப்பி, அறிவிப்பு. இனி வரும் அறிகுறிகளில் கடைசி ஒன்றைத் தவிர எல்லாமே இந்த எண்களில் ஒன்று பிசகியதாலோ, வரிசையில் ஒரு படி இடம் மாறியதாலோ, பஃபர் யார் கையில் இருக்கிறது என்பதில் குழப்பம் வந்ததாலோ வருபவை.

அறிகுறி: டம்ப் முழுக்கப் பூஜ்யம், அல்லது போன ரன்னின் டேட்டா

முதலில் டம்பின், அதாவது பஃபரிலிருந்து எடுத்த டேட்டாவின், நீளத்தைப் பாருங்கள். நீளமே பூஜ்யமா, அல்லது நீளம் இருந்தும் உள்ளே பூஜ்யமா? இரண்டும் வேறு வேறு நோய்.

நீளமே பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ஆர்ஆர்பியும் ஆர்டபிள்யூபியும் ஒரே இடத்தில் நிற்கின்றன, ஃபுல் பிட்டும் ஏறவில்லை. ஹார்டுவேர் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தம். இடிஎம்மிலிருந்து இடிஆர் வரை உள்ள பாதையில் எதையோ ஆன் செய்யவில்லை. அது பஃபர் கோடின் குற்றமில்லை. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது. ஸ்டேட்டஸில் மெமரி எரர் பிட் ஏறியிருந்தால் டிரைவர் நீளத்தைத் தானே பூஜ்யமாக்கி, ஃபுல் கொடியையும் இறக்கிவிட்டுத் திரும்பிவிடும். விளக்கச் செய்தி டீபக் அளவில்தான் வரும் என்பதால் டைனமிக் டீபக்கை ஆன் செய்யாதவர் கண்ணில் படாது. எனவே பாயிண்டர்களை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள், ஸ்டேட்டஸையும் அச்சடியுங்கள்.

நீளம் சரியாக இருந்து உள்ளே பூஜ்யமோ பழைய டேட்டாவோ இருந்தால், ஹார்டுவேர் மெமரியில் எழுதியதை சிபியு பார்க்கவில்லை. கேஷில் இருக்கும் பழைய பிரதியைப் பார்க்கிறது. ஃப்ளாட் பஃபர், அதாவது ஒரே நீட்டாக ஒதுக்கிய பஃபர், இப்போது கேஷ் ஆகும் மெமரியாகவே எடுக்கப்படுகிறது. பெரிய பஃபரை வேகமாகக் காப்பி செய்ய அதுதான் வசதி. அதற்கு விலை: சிபியு தொடும் முன்னால் சிபியுவுக்கான டிஎம்ஏ (சாதனமே நேராக மெமரியைத் தொடுவது) சிங்க் அழைப்பு கட்டாயம். ரிவ்யூவில் அந்த அழைப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

எப்போது அழைக்கிறது? ஃப்ளஷ் முடிந்து இடிஆர் நின்ற பிறகா? முன்னாலேயே சிங்க் செய்தால், ஃப்ளஷ் தள்ளிவிடும் கடைசி பைட்டுகள் மெமரிக்குப் போயிருக்கும், சிபியுவுக்குத் தெரியாது. நான் சரி என்று சொன்ன பேட்சில் நடந்தது இதுதான்.

எந்தச் சாதனத்தின் பெயரில் அழைக்கிறது? கோர்சைட் உருவாக்கும் சாதனம் ஒன்று, அதன் பெற்றோரான உண்மையான ஹார்டுவேர் சாதனம் ஒன்று. டிஎம்ஏ அமைப்புகள் பெற்றோரிடம்தான் இருக்கின்றன. ஒதுக்கும்போது பெற்றோரைக் கொடுத்துவிட்டு, சிங்க் செய்யும்போது பிள்ளையைக் கொடுக்கும் பேட்சுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே வகை பாயிண்டர் என்பதால் கம்பைலர் வாய் திறக்காது.

எவ்வளவு தூரத்துக்கு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பஃபர் 1 எம்பி, அதாவது 10,48,576 பைட். சுற்றி வந்துவிட்டது. பழைய டேட்டா தொடங்கும் ஆஃப்செட் 10,00,000. நீளம் முழு அளவு. ஆஃப்செட்டிலிருந்து நீளம் வரை சிங்க் செய் என்று அப்படியே எழுதினால், பஃபரின் முடிவைத் தாண்டிப் பத்து லட்சம் பைட் வெளியே போகிறது. யாருடைய மெமரியோ அது. ஆஃப்செட்டும் நீளமும் சேர்ந்து அளவைத் தாண்டினால் முழு பஃபரையும் தொடக்கத்திலிருந்து ஒரே தடவையில் சிங்க் செய், இல்லாவிட்டால் அந்தத் துண்டை மட்டும் செய் என்று இரண்டு கிளை வேண்டும். அதிகாரபூர்வக் கர்னலான மெயின்லைன் கோடில் அப்படித்தான் இருக்கிறது. புதிய பஃபர் வகையைச் சேர்க்கும் பேட்சில் இந்தக் கிளை விடுபட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

சோதிக்க ஒரு வழி: டிரேஸை ஆன் செய்வதற்கு முன் பஃபர் முழுக்க ஒரே பைட்டை, ஹெக்ஸில் 5ஏ என்று வைத்துக்கொள்ளுங்கள், நிரப்பிவிடுவது. டம்பில் அது தெரிந்தால் ஹார்டுவேர் அங்கே எழுதவில்லை, அல்லது எழுதியது சிபியுவுக்கு எட்டவில்லை. ஆனால் நிரப்பியதும் சாதனத்துக்கான சிங்க் அழைப்பை மறக்காதீர்கள். மறந்தால் நீங்கள் எழுதிய 5ஏ கேஷிலேயே தங்கி, டிரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மெதுவாக மெமரிக்கு இறங்கி, நல்ல டேட்டா மேலேயே அப்பிக்கொள்ளும். நோயைக் கண்டுபிடிக்கக் கொடுத்த மருந்தே நோயாகிவிடும். அரை நாள் இப்படி என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இடிஆரும் சிபியுவும் ஒரே கேஷ் பார்வையைப் பகிரும் கோஹிரண்ட் போர்டில் இந்த வகைப் பிழை எதுவுமே வெளியே தெரியாது. “என் போர்டில் ஓடுகிறதே” என்று பேட்ச் எழுதியவர் சொன்னால், எந்த போர்டு என்று கேளுங்கள்.

அறிகுறி: கடைசித் துண்டு மட்டும் காணோம்

பிரச்சினை நடந்த நொடியைப் பிடிக்கத்தான் டிரேஸ் போடுகிறோம், அந்த நொடிதான் டம்பில் இல்லை. இது ஃப்ளஷ் பிரச்சினை. நிறுத்தும் பங்ஷனைத் திறந்து பாருங்கள். எஃப்எஃப்சிஆர் ரெஜிஸ்டரில் முதலில் ‘ஃப்ளஷ் ஆனதும் நில்’ பிட், பிறகு ‘இப்போது ஃப்ளஷ் செய்’ பிட். அது தானாக இறங்கும் வரை காத்திருப்பு. அதன்பின் டிஎம்சி தயார் என்று ஸ்டேட்டஸ் சொல்லும் வரை இன்னொரு காத்திருப்பு. இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டாலும் வேகமாகத்தான் ஓடும், சோதனையும் தேறும், கடைசிச் சில நூறு பைட் மட்டும் எப்போதாவது காணாமல் போகும்.

காத்திருப்பு நேரம் தாண்டினால் டிரைவர் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விடுகிறது. அது எனக்குப் பிடித்ததில்லை. ஆனால் நிறுத்தும் வழியில் வேறு என்ன செய்வது என்றால் பதில் சுலபமில்லை. அதனால் அறிகுறி இதுவானால் முதலில் லாகில் மேனுவல் ஃப்ளஷ் டைம்அவுட் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இடிஆர் இல்லாமல் ஒவ்வொரு கோருக்கும் தனியாக பஃபர் வைத்திருக்கும் டிஆர்பிஇ என்றால், அங்கே ஃப்ளஷ் ஒரு ரெஜிஸ்டர் பிட் இல்லை, டிஎஸ்பி (TSB) என்ற இன்ஸ்ட்ரக்ஷன். சில கோர்களில், கார்டெக்ஸ்-ஏ710, நியோவர்ஸ் என்2 இரண்டும் அதில் உண்டு, டிரேஸ் தடைசெய்யப்பட்ட நிலையில் இருக்கும்போது ஒரு டிஎஸ்பி டேட்டாவைத் தள்ளாமல் போகலாம். கர்னலின் தீர்வு, அதையே அடுத்தடுத்து இரண்டு முறை கொடுப்பது. “ஒரே இன்ஸ்ட்ரக்ஷன் இரண்டு தடவை இருக்கிறதே, ஒன்றை எடுத்துவிட்டேன்” என்று யாராவது சுத்தம் செய்யும் பேட்ச் அனுப்பினால் தடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பஃபர் சுற்றி வந்த பிறகுதான் டிகோடர் உளறுகிறது

சின்ன ரன்னில் எல்லாம் ஒழுங்கு. பஃபர் நிரம்பிச் சுற்றியதும் முதல் சில கிலோபைட் குப்பை, சில நேரம் முழுவதுமே குப்பை. நான் அதிகம் பார்த்த அறிகுறி இதுதான்.

கோர்சைட் ஃபார்மேட்டர் டேட்டாவை 16 பைட் ஃபிரேம்களாகக் கட்டுகிறது. எந்தப் பைட் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பது அந்த ஃபிரேமுக்குள்தான் இருக்கிறது. நடு ஃபிரேமிலிருந்து படிக்கத் தொடங்கினால் டிகோடருக்கு எதுவும் புரியாது. அதனால் இரண்டு விதி. தொடக்கப் புள்ளியை நகர்த்தினால் ஃபிரேம் எல்லையில்தான் நகர்த்த வேண்டும். பழைய டேட்டா அழிந்திருக்கிறது என்றால் அந்தத் தொடக்கத்தில் ஒரு தடுப்புப் பாக்கெட் வைக்க வேண்டும்: 16 பைட், ஒரு 7-க்குப் பின் ஏழு எஃப் வரும் 32 பிட் எண் நான்கு முறை. அதைப் பார்த்ததும் டிகோடர் பழையதையெல்லாம் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும்.

எல்லை 16 பைட்தானா என்பது மெமரி பஸ்ஸின் அகலத்தைப் பொறுத்தது. 32, 64, 128 பிட் அகலத்துக்குக் கடைசி நான்கு பிட்கள் பூஜ்யமாக இருக்க வேண்டும். 256 பிட் என்றால் ஐந்து. டிரைவர் இதற்கென்று அகலத்தைப் பார்த்து மாஸ்க் தரும் பங்ஷன் வைத்திருக்கிறது. பேட்சில் யாராவது அதை விட்டுவிட்டு 15 என்ற எண்ணை நேரே எழுதியிருந்தால், 256 பிட் பஸ் உள்ள போர்டு வரும் வரை அது ஓடும்.

தடுப்புப் பாக்கெட்டை எங்கே வைக்கிறார்கள் என்பதுதான் இன்னும் வழுக்கும் இடம். மேலே பார்த்த அதே 1 எம்பி பஃபரை எடுங்கள். ஆஃப்செட் 10,00,000, நீளம் 10,48,576. டிரேஸைப் பதிவு செய்ய யூசர் ஓட்டும் பெர்ஃப் கருவியின் பக்கம் மீதியிருக்கும் இடம் 256 கேபி, அதாவது 2,62,144 பைட்தான். அப்போது டிரைவர் பழையதை விட்டுவிட்டுப் புதிய 2,62,144 பைட்டை மட்டும் எடுக்க வேண்டும். புதிய தொடக்கம் 10,00,000 கூட்டல் 10,48,576 கழித்தல் 2,62,144. அது 17,86,432. அளவைத் தாண்டிவிட்டதால் ஒரு சுற்று கழித்தால் 7,37,856. தடுப்புப் பாக்கெட் போக வேண்டிய இடம் இதுதான். 10,00,000-இல் வைத்தால் அது காப்பியின் நடுவே எங்கோ போய் விழும்: 10,00,000 கழித்தல் 7,37,856, அதாவது 2,62,144. அடடா, அது துல்லியமாகக் காப்பியின் முடிவுக்கு அடுத்த பைட். அதாவது பாக்கெட் காப்பியிலேயே வராது, தொடக்கமும் காப்பு இல்லாமல் நிற்கும். பஃபர் சுற்றி வந்திருந்து இடம் பற்றாமல் வெட்டும் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் ஆகும், எண்கள் எதுவானாலும். அதனால் இந்தப் பிழையைத் தேடுபவருக்கு டம்பில் தடுப்புப் பாக்கெட் ஒன்றுகூடக் கிடைக்காது. “வைக்கும் கோடே ஓடவில்லை போலிருக்கிறது” என்று வேறு பக்கம் போய்விடுவார்.

பாக்கெட் வைக்கும் பங்ஷன் முதலில் அந்த ஆஃப்செட்டில் தொடர்ச்சியாக 16 பைட் இருக்கிறதா என்று கேட்கும். இல்லாவிட்டால் எச்சரிக்கை கொடுத்துத் திரும்பும். லாகில் அந்த எச்சரிக்கை வந்தால் பஃபரின் கடைசி 15 பைட்டுக்குள் ஆஃப்செட் விழுந்திருக்கிறது. எல்லைக் கணக்கு வேறு எங்கோ ஏற்கெனவே தவறிவிட்டது. எச்சரிக்கையைத் தூக்காதீர்கள், ஆஃப்செட் வந்த வழியைப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று. சுற்றிய பஃபரிலிருந்து ஒரே தடவையில் முழு நீளமும் கிடைக்காது. 10,00,000-இலிருந்து கேட்டால் 48,576 பைட்டோடு முடிவு வந்துவிடும். மீதி அடுத்த அழைப்பில் பூஜ்யத்திலிருந்து. ஃபைலைப் படிப்பதுபோல் படிக்கும் வழியில் கேட் கட்டளை திரும்பத் திரும்பக் கேட்கும், அதனால் பிரச்சினை இல்லை. தானே சி புரோகிராம் எழுதி ஒரே ஒரு ரீட் அழைப்பு போட்டவர் “டிரைவர் டேட்டாவை விழுங்கிவிட்டது” என்பார்.

அறிகுறி: 4 எம்பி வரை தங்கம், அதற்கு மேல் தகரம்

ஸ்கேட்டர்-கேதர் வகைக்கு மட்டும் வரும் அறிகுறி. பெரிய நீட்டு பஃபர் கிடைக்காதபோது சிதறிக்கிடக்கும் 4 கேபி பக்கங்களைக் கோத்து இடிஆரிடம் ஓர் அட்டவணையாகக் கொடுக்கலாம். அட்டவணையின் ஒவ்வொரு பதிவும் 32 பிட். கடைசி இரண்டு பிட் வகை: 1 என்றால் கடைசிப் பதிவு, 2 என்றால் சாதாரணம், 3 என்றால் அடுத்த அட்டவணைப் பக்கத்துக்கு இணைப்பு. மேல் 28 பிட்டில் பக்க முகவரி. 4 கேபி பக்கத்துக்கு 12 பிட், இந்த 28, சேர்த்தால் 40 பிட். அதற்கு மேல் முகவரி உள்ள பக்கம் இந்த அட்டவணையில் அடங்காது. டிஎம்ஏ மாஸ்க்கைத் தளர்த்தும் பேட்ச் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அட்டவணைப் பக்கத்தில் 1,024 பதிவு. நிரம்பினால் கடைசிப் பதிவு இணைப்பாக வேண்டும், அப்போது டேட்டா பக்கங்களுக்கு 1,023 இடம்தான். சரி, 4 எம்பி பஃபர் எத்தனை பக்கம்? சரியாக 1,024. இணைப்பு போட்டால் ஒரே ஒரு பக்கத்துக்காக இன்னொரு அட்டவணைப் பக்கம் தேவைப்படும். அது வீண். அந்த ஒன்றையே கடைசிப் பதிவாக இதே பக்கத்தில் போட்டுவிடலாம், இணைப்பே வேண்டாம். அதனால்தான் பதிவுகளை எண்ணும் பங்ஷனில் ஒரு விசித்திரமான வரி இருக்கிறது: மொத்தப் பக்கங்களை 1,023-ஆல் வகுத்து மீதி 2-க்குக் குறைவாக இருந்தால் இணைப்பில் ஒன்றைக் கழி.

கையால் போட்டுப் பாருங்கள். 1,023 பக்கம்: ஈவு 1, மீதி 0, ஒன்றைக் கழித்தால் இணைப்பு 0. பதிவு 1,023. 1,024 பக்கம்: ஈவு 1, மீதி 1, இணைப்பு 0. பதிவு 1,024, அட்டவணைப் பக்கம் சரியாக நிரம்புகிறது. 1,025 பக்கம்: மீதி 2, இணைப்பு 1. பதிவு 1,026. முதல் பக்கத்தில் 1,023 டேட்டாவும் ஒரு இணைப்பும், அடுத்ததில் இரண்டு. சரியாக இருக்கிறது.

இந்த வரியை ‘எளிமையாக்கி’ ஒரு பேட்ச் வந்தது. எண்ணும் இடத்தில் மாற்றியவர் நிரப்பும் லூப்பில் மாற்றவில்லை. 1 எம்பி, 2 எம்பி எல்லாம் ஓடின. “நாலு எம்பிக்கு மேல யாருண்ணா கேக்கப்போறாங்க?” என்றார் எழுதிய தம்பி. நாலு எம்பிதான் எல்லோரும் கேட்கும் அளவு, இரண்டின் அடுக்காக இருப்பதால். எல்லையே அங்கேதான். அன்றிலிருந்து அட்டவணை கோடைத் தொடும் பேட்ச் எதுவானாலும் 1,023, 1,024, 1,025, 2,046, 2,047 என்று ஐந்து எண்களைக் கொடுத்து ஓட்டிவிட்டு வா என்கிறேன்.

அட்டவணையை எழுதுவது சிபியு, படிப்பது இடிஆர். எழுதி முடித்ததும் சாதனத்துக்கான சிங்க் வேண்டும். டேட்டாவுக்கு எதிர்த் திசை. இரண்டையும் மாற்றிப் போட்டால் இடிஆர் பழைய குப்பையை அட்டவணை என்று நம்பிப் போகும்.

இந்த வகையில் பாயிண்டர்களைக் கழித்து நீளம் காணக் கூடாது. பக்கங்கள் சிதறிக்கிடக்கின்றன, முகவரிக் கழித்தல் அர்த்தமில்லாத எண்ணைத் தரும். முதலில் ஒவ்வொரு முகவரியும் எத்தனையாவது பக்கத்தில் விழுகிறது என்று தேடி ஆஃப்செட்டாக மாற்ற வேண்டும். நீளம் திடீரென்று ஜிபி கணக்கில் வந்தால் யாரோ ஃப்ளாட் கோடைக் காப்பி அடித்திருக்கிறார்கள்.

எல்லா போர்டிலும் இந்த வகை பாதுகாப்பாக ஓடாது. அதனால்தான் போர்டின் ஹார்டுவேரை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் இதற்கென்று தனிச் சொத்து வைத்து, அது இருந்தால் மட்டுமே டிரைவர் பயன்படுத்துகிறது. அதைச் சோதிக்கும் வரியைத் தூக்கும் பேட்சை நான் ஏற்பதில்லை. இன்டெலின் டிரேஸ் வசதியான பிடி பக்கமும் இதே மாதிரி அட்டவணை உண்டு, பெயர் டோபா. அங்கே ஒவ்வொரு துண்டும் 4 கேபியிலிருந்து 128 எம்பி வரை இரண்டின் அடுக்காக இருந்து, தன் அளவுக்கே ஒத்த எல்லையில் தொடங்க வேண்டும். எண்கள் வேறு, தவறும் இடங்கள் அண்ணன் தம்பி.

அறிகுறி: டிரேஸுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் கர்னல் விழுகிறது

ஃபைல் சிஸ்டத்தில் ஊப்ஸ் (கர்னல் விழுந்ததைச் சொல்லும் பிழைச் செய்தி), நெட்வொர்க்கில் ஊப்ஸ், ஒவ்வொரு முறையும் வேறு இடம், டிரேஸ் ஆனில் இருந்தால் மட்டும். யாரோ பஃபருக்கு வெளியே எழுதுகிறார்கள்.

முதல் சந்தேகம் அளவு ரெஜிஸ்டர். ஆர்எஸ்இசட் பைட் கணக்கு இல்லை, 32 பிட் சொல் கணக்கு. 1 எம்பி பஃபருக்கு அதில் போக வேண்டியது 2,62,144. நான்கால் வகுக்க மறந்தால் இடிஆர் தனக்கு 4 எம்பி இருப்பதாக நினைத்து 3 எம்பி அடுத்தவர் மெமரியில் எழுதும். சாதனங்களின் மெமரி அணுகலைக் காவல் காக்கும் ஐஓஎம்எம்யு இருந்தால் பிடித்துவிடும். இல்லாவிட்டால் யார் வீட்டில் விழுந்தது என்று தேட வேண்டியதுதான்.

இரண்டாவது, முகவரியின் மேல் பாதி. தொடக்க முகவரிக்கும் இரண்டு பாயிண்டர்களுக்கும் கீழ், மேல் என்று இரண்டிரண்டு ரெஜிஸ்டர். 4 ஜிபிக்குக் கீழே பஃபர் கிடைக்கும் வரை மேல் பாதி பூஜ்யம்தான், மறந்தாலும் தெரியாது. மெமரி அதிகமுள்ள போர்டில் ஒரு நாள் தெரியும். பேட்சில் முகவரியைப் பிடித்து வைக்கும் மாறிகளின் வகையைத் தேடிப் பாருங்கள். 32 பிட் மாறி ஒன்று இருந்தாலும் நிறுத்திக் கேளுங்கள்.

டிஆர்பிஇயில் இதற்கு ஹார்டுவேர் காரணமும் உண்டு. நியோவர்ஸ் என்2-இன் 2253138 என்ற எர்ரேட்டத்தில் (அறிவிக்கப்பட்ட ஹார்டுவேர் பிழை), சுற்றி வர வேண்டிய நேரத்தில் எல்லைக்கு அடுத்த பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்காகவே டிரைவர் எல்லைக்குப் பின்னால் ஒரு பக்கத்தைச் சும்மா விட்டுவைக்கிறது. கார்டெக்ஸ்-ஏ710-இன் 2119858 வேறு மாதிரி: சுற்றும்போது தொடக்கத்தில் மூன்று கேஷ் லைன் வரை மேலெழுதிவிடும். டிரைவர் முதல் 256 பைட்டை விட்டுவிட்டுத் தொடங்கி, அந்த இடத்தைப் பின்னால் ‘கண்டுகொள்ளாதே’ பாக்கெட்டால் நிரப்புகிறது. பஃபரில் ஒரு பக்கம் வீணாகிறது, 256 பைட் வீணாகிறது என்று மிச்சம் பிடிக்க வருபவர்களுக்கு இந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

அறிகுறி: பெர்ஃபில் மட்டும் தகராறு

சிஸ்எஃப்எஸ் (கர்னல் ஃபைலாகக் காட்டும் அமைப்புகள்) வழியே எடுத்தால் நன்றாக இருக்கிறது, பெர்ஃப் ரெக்கார்டில் கெடுகிறது என்றால் இடிஆர் பஃபரிலிருந்து பெர்ஃபின் பக்கங்களுக்குக் காப்பி செய்யும் லூப்பைப் பாருங்கள். அடுத்து எழுத வேண்டிய இடத்தைச் சொல்லும் பெர்ஃபின் ஹெட் எண் ஏறிக்கொண்டேதான் போகும், பஃபர் அளவோடு நிற்காது. அதை அப்படியே பக்க எண்ணாக மாற்றினால் முதல் சுற்று வரை சரி, அப்புறம் பக்கப் பட்டியலுக்கு வெளியே போய்விடும். அளவால் வகுத்து மீதி எடுத்த பிறகுதான் பக்க எண் காண வேண்டும். ஐந்து நிமிட ரன் தேறி ஒரு மணி நேர ரன் விழுந்தால் இதுதான்.

எப்போதாவது ஒரு முறை மட்டும் கெடுகிறது, அதுவும் பல கோர் மெஷினில் மட்டும் என்றால் அறிவிப்பு வரிசை. டேட்டா மெமரியில் தெரிந்த பிறகுதான் புதிய ஹெட் வெளியே தெரிய வேண்டும். நடுவில் ஒரு ரைட் பேரியர். அதை எடுத்துவிட்டாலும் எக்ஸ்86-இல் ஒன்றும் ஆகாது, ஆர்மில் ஆகும்.

டேட்டா தொலைந்ததைச் சொல்லாமல் விடுவதும் பிழைதான். வெட்டினாலும் சுற்றினாலும் ட்ரங்கேட்டட் (வெட்டப்பட்டது) கொடி ஏற வேண்டும், ஸ்னாப்ஷாட் தவிர. பெர்ஃப் கேட்கும் அளவு கிடைக்காவிட்டால் டிரைவர் சிஸ்எஃப்எஸ்ஸில் வைத்த அளவுக்கு இறங்கி, அதுவும் கிடைக்காவிட்டால் பாதி பாதியாகக் குறைத்து 1 எம்பி வரை போகும். அதனால் கேட்டது 64, கிடைத்தது 4 என்பது சாத்தியம். காப்பி லூப்பில் கேட்ட அளவையும் கிடைத்த அளவையும் குழப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அறிகுறி: மெமரிப் பிழை பிடிக்கும் கேசான் அல்லது லாக் சோதனை கத்துகிறது

“தூங்கக்கூடிய பங்ஷனைத் தவறான இடத்தில் அழைத்தாய்” என்ற செய்தி வந்தால், பிடித்திருக்கும்போது தூங்கவே கூடாத லாக்கான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு பஃபர் ஒதுக்குகிறார்கள். பெரிய பஃபர் ஒதுக்குவது தூங்கும் வேலை. லாக்கை விட்டு, ஒதுக்கி, திரும்பப் பிடித்து, நிலைமை மாறிவிட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அந்த மறுபடி பார்ப்பதுதான் விடுபடும். லாக் இல்லாத இடைவெளியில் வேறொருவர் ஆன் செய்திருக்கலாம், யாரோ படிக்கத் தொடங்கியிருக்கலாம். பழைய பஃபரை விடுவிப்பதும் லாக்குக்கு வெளியேதான்.

சிபியு முழுக்க டிரேஸ் செய்யும்போது ஒரே பெர்ஃப் அமர்வின் எல்லா நிகழ்வுகளும் ஒரு பஃபரைப் பகிர்கின்றன, பிஐடியை (புரோகிராமின் அடையாள எண்) வைத்துத் தேடி எடுத்து, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையை ஏற்றுகின்றன. இங்கேயும் அதே கதை: தேடு, இல்லை, லாக்கை விடு, ஒதுக்கு, லாக்கைப் பிடி, பதிவு செய். பதிவு செய்யும்போது ‘இடம் ஏற்கெனவே எடுக்கப்பட்டது’ என்று வந்தால் தன்னுடையதை விடுவித்துவிட்டு மறுபடி தேட வேண்டும். விடுவிக்கும் பக்கம், எண்ணிக்கையைக் குறைப்பதும் பட்டியலிலிருந்து எடுப்பதும் ஒரே லாக்குக்குள் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் லாக் விட்டால், எண்ணிக்கை பூஜ்யமான பஃபரை இன்னொருவர் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வார். விடுவித்த மெமரியைத் தொட்டாய் என்று கேசான் சொல்வது அதைத்தான்.

பஃபர் பக்கங்களைப் பூஜ்யமாக்கி ஒதுக்குகிறார்களா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். ஹார்டுவேர் எழுதாத பகுதி யூசர் பக்கம் போனால் போகட்டும், கர்னலின் பழைய டேட்டா போகக் கூடாது.

அறிகுறி: இரண்டாவது முறை படித்தால் பிழை

டிரேஸை நிறுத்திவிட்டு ஒரு முறை கேட் செய்தால் டேட்டா வருகிறது, மறுமுறை செய்தால் செல்லாத ஆர்குமென்ட் என்கிறது. இதற்கு பேட்ச் எழுதாதீர்கள். நிறுத்திய நிலையில் படித்து முடித்ததும் டிரைவர் பஃபரை விடுவித்துவிடும், அப்படித்தான் எழுதியிருக்கிறது. டிரேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தால் அதே பஃபரோடு மறுபடி ஆன் செய்துவிடும். படிக்கும் நேரத்தில் இன்னொருவர் திறந்தால் பிஸி என்று திருப்பி அனுப்பும். பஃபர் அளவை சிஸ்எஃப்எஸ்ஸில் மாற்றினாலும் அடுத்த முறை ஆன் செய்யும்போதுதான் புதிய பஃபர் வரும், அளவு பக்கத்தின் மடங்காக இல்லாவிட்டால் ஏற்காது. டம்பை ஃபைலில் எடுத்து வைத்துக்கொண்டு ஃபைலை எத்தனை தடவை வேண்டுமானாலும் படியுங்கள்.